ஒன்பது மீட்டர் ஓடிய ட்ரக்

விபத்தில் நொறுங்கிய வண்டிகளைக் கொண்டுவந்து போடும் அந்த முற்றம் பீல் நகரத்துக்கு வெளியே இருந்தது. சுவிஸ்காரர்கள் குப்பையைக்கூட மடித்து அடுக்குகிற ஆட்கள். நசுங்கிய கார்களையும் கோடு போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஒரு பெரிய டிரெய்லர் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து முகுந்தின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஸ்விட்சர்லாந்துல மல்லாக்கப் படுத்து வானத்தைப் பாக்கப்போறேன்னு கோயமுத்தூர் பூரா சொல்லிட்டு வந்தேன் மேடம். மல்லாக்கப் படுத்தாச்சு. வானத்தைத்தான் காணோம்."

"வானம் ஓடிப்போகாது. நீர் முதல்ல சில்லைக் கழட்டும்," என்றாள் பக்கத்தில் நின்ற கோசலா.

இந்த 'நீர்' முகுந்துக்கு இன்னும் பழகவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ அரசவையில் நிற்கவைத்து விசாரிக்கிற மாதிரி இருந்தது. அவன் தமிழ்நாட்டிலிருந்து வேலை பேர்மிட்டில் வந்த மின்னணுப் பொறியாளன். வேலை கொடுத்த கம்பெனி படுத்துவிட்டது. அடுத்த வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு கோசலாவிடம் ஒட்டிக்கொண்டு எட்டு மாதமாகிறது. கோசலாவுக்கு ஐம்பது வயது. இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்து, மொழி படித்து, வாகனக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பதினொரு வருஷம் பொய்க் கணக்குகளைப் பிடித்து, இப்போது லாங்கன்தாலில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். இரக்கம் என்ற சாமானை அவள் அலுவலகத்துக்குக் கொண்டுவருவதில்லை. வீட்டில் வைத்திருக்கிறாளா என்பதிலும் முகுந்துக்குச் சந்தேகம் உண்டு.

வழக்கு இதுதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. கல்யாண மணவறை அலங்கரிக்கும் தொழில் செய்த இரவீந்திரன், லா ஷோ-து-ஃபோனில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்த தன் பிக்கப் ட்ரக்கின் பின்னால் மணவறை ஏற்றிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினான். டிரெய்லரில் மூன்று டன். பாதி இறக்கத்தில் அது ட்ரக்கை முதுகில் கைவைத்துத் தள்ள ஆரம்பித்தது. ட்ரக்கின் பிரேக் புகைந்து கருகியது. தடுப்பை உடைத்துக்கொண்டு இரண்டும் பள்ளத்தில் விழுந்தன. இரவீந்திரன் செத்தான். பக்கத்தில் இருந்த அவனுடைய ஒரே மகள் தர்மிகாவும் செத்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலையில் தொழில் பழகிக்கொண்டிருந்த பெண்.

டிரெய்லர் பிரேக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மின்காந்தம் நேராகச் சக்கரத்தைப் பிடிக்கும். மற்றதில் ஆக்சுவேட்டர் என்ற பெட்டி ஒன்று, ட்ரக்கிலிருந்து வரும் மின் உத்தரவைக் கேட்டு, எண்ணெயை அழுத்திச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். பின்னால் இருப்பது எந்த வகை என்று ட்ரக்கில் கட்டியிருக்கும் கன்ட்ரோலருக்கு மெனுவில் ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும். இரவீந்திரனின் டிரெய்லரில் இருந்தது எண்ணெய்ப் பெட்டி. ட்ரக்கின் மெனுவில் இருந்ததோ மின்காந்தம். பொலிஸ் நிபுணர் அதைப் பார்த்தார், தாளை மூடினார். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத சாமானைப் பூட்டியது மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்.

மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பெட்டியைப் பூட்டிய மெக்கானிக் குலேந்திரன், ஓஸ்டர்முண்டிகன்காரர். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு பிரெஞ்சுப் பகுதி வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்குப் போய், இரண்டு உயிர் போனது என் பிழையால்தான் என்று கையெழுத்துப் போடப்போகிறார். போட்டால் வேலை போகும். இருபத்தாறு வருஷம் காத்திருந்து வாங்கிய வதிவிட அனுமதியும் போகலாம். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. மனுஷன் தானே அதை நம்பிவிட்டார், அதுதான் கொடுமை. விபத்து நடந்த நாளிலிருந்து அவர் ஸ்பனரைத் தொடவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை.

ஆனால் கோசலாவை வேலைக்கு வைத்தது குலேந்திரன் அல்ல. இரவீந்திரனின் மனைவி சிவமலர். அவள் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் காட்டித்தான் இந்த முற்றத்துக்குள்ளேயே வர முடிந்தது. "அந்தப் பெட்டியாலதான் என்ர பிள்ளை செத்தவளோ எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா. வேறை ஒண்டும் வேண்டாம்," என்று கேட்டிருந்தாள். பெற்றவள் கேட்கிற நியாயமான கேள்விதான் என்று முகுந்த் நினைத்தான்.

சக்கரம் கழன்று வந்தது. உள்ளே பார்த்த முகுந்த் விசில் அடித்தான்.

"என்ன கண்டனீர்?"

"மூணு மாசம் முன்னாடி போட்ட பிரேக் பேட், மேடம். பாதி தேஞ்சிருக்கு. டிஸ்க் கண்ணாடியாட்டம் பளபளங்குது. இதுல பாத்து நான் ஷேவ் பண்ணிக்கலாம்."

"மற்றச் சில்லு?"

"நாலும் அப்படித்தான்."

கோசலா குனிந்து, தேய்ந்த பேட்டை விரலால் தடவினாள். "முகுந்த், பூட்டின நாளிலயிருந்து பிரேக் வேலை செய்யேல்லை எண்டுதானே பொலிஸ் சொல்லுது?"

"ஆமா."

"வேலை செய்யாத பிரேக் என்னெண்டு தேயும்?"

முகுந்துக்கு உறைத்தது. பொலிஸ் நிபுணர் தலையை மட்டும் சோதித்துவிட்டுக் காலைப் பார்க்க மறந்திருக்கிறார். மூன்று மாதமாக இந்தப் பிரேக் ஒழுங்காகப் பிடித்திருக்கிறது. அப்படியானால் ட்ரக்கும் டிரெய்லரும் மூன்று மாதமாகச் சரியாகவே பேசிக்கொண்டிருந்திருக்கின்றன.

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் பெட்டியையும் சோதித்தார்கள். ட்ரக்கின் கன்ட்ரோலர் மாதிரியே உத்தரவு அனுப்பும் ஒரு கருவியை முகுந்த் சமையலறை மேசையில் வைத்து ஈயம் ஒட்டிச் செய்திருந்தான். அதைப் பார்த்தால் சாப்பாட்டு டப்பா மாதிரி இருக்கும், சாப்பாட்டு டப்பாவும்தான் அது. எண்ணெய்ப் பெட்டிக்குரிய உத்தரவைக் கொடுத்தான். ஆக்சுவேட்டர் உறுமியது, அழுத்தமானியின் முள் நூற்றுப் பத்துக்குப் போய் நின்றது. மின்காந்த வகைக்கு மாற்றினான். பெட்டி முனகியது. முள் பதினைந்தைத் தாண்டவில்லை.

"சமதரையில இது தெரியவே தெரியாது மேடம். ட்ரக்கோட பிரேக்கே எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சிரும். போறப்ப பூரா ஏத்தம். திரும்பி வர்றப்ப இறக்கத்துலதான் எமன் டிக்கெட் கேட்டிருக்கான்."

"பெட்டி சரி, பூட்டினதும் சரி. ஆரோ பிறகு அந்த ஒரு வரியை மாத்தியிருக்கினம்."

"அப்ப கொலைங்கறீங்க."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. காரை எடும். லாங்கன்தாலுக்குப் போவம்."

மணி ஒன்றரை. போகிற வழியில் கோசலா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு குலேந்திரனை அழைத்தாள். முகுந்துக்கு அவளுடைய பாதிப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"அண்ணை, கோசலா கதைக்கிறன். எங்கை நிக்கிறியள்? ... பஸ்ஸிலயோ? ... அண்ணை, நான் திரும்ப எடுக்கும்வரைக்கும் ஒண்டிலயும் கையெழுத்து வையாதேங்கோ. ... ஓம், விளங்குது. ... ஒண்டு சொல்லுங்கோ. பெட்டியைப் பூட்டின அண்டைக்கு, நீங்கள் டிரெய்லரடியில நிண்டனீங்கள் எண்டால், ட்ரக்குக்குள்ளை இருந்து மெனுவில அமத்தினது ஆர்?"

அங்கிருந்து வந்த பதிலைக் கேட்டு அவள் "ம்" என்றாள். பிறகு இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, மடியில் இருந்த இன்னொரு கைத்தொலைபேசியை எடுத்தாள். அது செத்துப்போன இரவீந்திரனுடையது. வண்டி ஓட்டும்போது பேசினானா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பொலிஸ் திருப்பிக் கொடுத்திருந்தது. மெக்கானிக் அனுப்பிய செய்திகள் அதில் இருக்கின்றன என்று சிவமலர்தான் கோசலாவிடம் ஒப்படைத்திருந்தாள்.

"என்ன மேடம், அமைதியாயிட்டீங்க? குலேந்திரன் அண்ணன் என்ன சொன்னார்?"

"ரோட்டைப் பார்த்து ஓடும்."

அதற்குப் பிறகு லாங்கன்தால் வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் இப்படி உம்மென்று இருந்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று முகுந்துக்குத் தெரியும். வழியில் இரண்டு பகிடி விட்டுப் பார்த்தான், இரண்டும் எடுபடவில்லை.

இரவீந்திரனின் வீட்டு வாசலில் கோசலா உள்ளே போகாமல் நின்றாள். கேட்டிலிருந்து தெருப்பக்கமாகக் கீழே பார்த்துக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் சிமெந்துக் கல்லில் நான்கு வெளிறிய திட்டுகள் இருந்தன, ஒரு பெரிய வண்டியின் நான்கு சில்லுகளும் நிற்கிற இடைவெளியில்.

"எலுமிச்சம்பழம் நசுங்குன அடையாளம்," என்றான் முகுந்த். "புளிப்பு கல்லை அரிச்சிருக்கு. எங்க ஊர்லயும் உண்டு மேடம்."

"வண்டி நிக்கிற இடத்திலயிருந்து எவ்வளவு தூரம்?"

அவன் எட்டு வைத்து அளந்தான். "ஒம்போது மீட்டர் இருக்கும்."

"அண்டைக்குச் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்கும். இரவீந்திரனுக்கு ஒன்பதுக்குப் பிறகுதான் வெளிக்கிட ஏலும். அப்ப என்ன செய்வான்?"

"விடியக்காலையில நல்ல நேரத்துல வண்டியை எடுத்து, எலுமிச்சம்பழத்துல ஏத்தி, கேட்டுக்கு வெளியே நிறுத்திருவான். பயணம் அப்பவே ஆரம்பிச்சாச்சுன்னு கணக்கு. அப்புறம் எப்ப போனாலும் ராகு ஒண்ணும் கேக்க மாட்டார்."

"திறப்பு?"

"சாவியா? அது வண்டியிலயே..." முகுந்த் நிறுத்தினான். நல்ல நேரத்தில் வெளியே போனது திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் எடுத்து வைத்ததற்கே அர்த்தமில்லை. இவ்வளவு சாஸ்திரம் பார்க்கிறவன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போயிருக்கமாட்டான். "மேடம், பொலிஸ் ரிப்போர்ட்ல சாவி காலையில பூரா அவன் சட்டைப்பையிலயே இருந்துச்சுன்னு இருக்கே?"

"ஓம். அதைச் சொன்னது ஆர் எண்டு உள்ளுக்குப் போய்க் கேப்பம், வாரும்."

மணி இரண்டு நாற்பது.

சிவமலர் கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், மூன்று வாரத்தில் அறுபதைத் தொட்டிருந்தாள். தேத்தண்ணி வைத்துத் தந்தாள். கோப்பையை நீட்டியபோது கைச் சட்டை மேலேறியது. முழங்கைக்கு உட்பக்கத்தில் சின்னச் சின்ன வட்டமாகப் பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன. முகுந்த் கோப்பையை வாங்கினான், குடிக்கவில்லை.

"அக்கா, பெட்டியைப் பார்த்தியளோ? அதாலதானே?"

"சொல்லுறன். அதுக்கு முதல் ஒண்டு. அண்டைக்கு ட்ரக் திறப்பு ஆரிட்டை இருந்தது?"

"அவரிட்டைத்தான். பொலிசுக்கும் சொன்னனான். வேறை ஒருத்தரும் தொட்டிருக்கேலாது."

"அவர் காலமை எங்கை போனவர்?"

"ஆறு மணிபோல வேலைக்காரற்றை வான் வண்டியில பேர்னுக்குப் பூ எடுக்கப் போனவர். ஒன்பதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் வந்தவர்."

கோசலா இரவீந்திரனின் தொலைபேசியை மேசையில் வைத்தாள். "இதுக்குள்ளை அந்த ட்ரக்கின்ர ஆப் ஒண்டு இருக்குது, மலர். ட்ரக் எப்பெப்ப ஸ்டார்ட் ஆனது, எவ்வளவு தூரம் ஓடினது, எல்லாம் எழுதிவைக்கும். அண்டைக்கு ஐந்து முப்பத்தெட்டுக்கு ஸ்டார்ட் ஆகியிருக்கு. ஒன்பது மீட்டர். அது எலுமிச்சம்பழம். பிறகு ஒன்பது ஐந்துக்குப் பயணம். நடுவில ஆறு ஐம்பதுக்கும் ஒருக்கா ஸ்டார்ட் ஆகியிருக்கு. நாலு நிமிசம். ஒரு அடிகூட நகரேல்லை. திறப்பு பேர்னுக்குப் போயிருந்தால் ஆறு ஐம்பதுக்கு ட்ரக்கை ஆர் ஸ்டார்ட் பண்ணினது?"

சிவமலர் தேத்தண்ணித் தட்டை நேராக்கி வைத்தாள்.

"திறப்பு வண்டிக்குள்ளைதான் கிடக்கும் எண்டு ஒரு சுவிஸ்காரனுக்குத் தெரியாது. எங்கட ஆக்களுக்குத் தெரியும். நாலு நிமிசம் போதும், மெனுவில ஒரு வரியை மாத்த. அந்த வரி எங்கை இருக்குது எண்டும் தெரிஞ்சிருக்கவேணும். குலேந்திரன் அண்ணை சொன்னவர், பெட்டி பூட்டின அண்டைக்கு ட்ரக்குக்குள்ளை இருந்து அமத்தினது நீங்களாம். மெனு டொச் மொழியில, இரவீந்திரனுக்கு அது வாசிக்கத் தெரியாது, நீங்கள்தான் வாசிச்சனீங்களாம். இந்த வரி மட்டும் பிழைச்சால் மலையில டிரெய்லர்தான் வண்டியை ஓட்டும் எண்டு அவர் உங்களுக்குப் பகிடியாச் சொன்னவராம்."

"மேடம்," என்றான் முகுந்த். "இவங்கதானே நம்மளை வேலைக்கு வெச்சாங்க?"

"ஓம். அதுதான் எனக்கும் முதல்ல விளங்கேல்லை." கோசலா தொலைபேசியின் திரையைத் திருப்பிக் காட்டினாள். "விபத்து நாலு முப்பத்தொண்டுக்கு. நாலு பதினாலுக்கும் நாலு முப்பதுக்கும் இடையில உங்கட நம்பரிலயிருந்து பதினேழு அழைப்பு. ஒண்டும் நடக்க முந்தி ஒரு தாய் ஏன் பதினேழுதரம் அடிக்கவேணும்?"

முகுந்த் திரையைப் பார்த்தான். சிவமலரின் பெயருக்குப் பக்கத்தில் ஒலியை அணைத்த மணிச் சின்னம் இருந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் மணி அடிக்கிற தொலைபேசியில், பெண்டாட்டி எடுத்தால் மட்டும் சத்தம் வராதபடி வைத்திருக்கிறான் படுபாவி. அந்தப் பதினேழு அழைப்பும் அவன் பையில் ஊமையாகவே அடித்து ஓய்ந்திருக்கின்றன. தழும்பைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் முகுந்துக்கு இப்போது இரண்டு மடங்காகியது. ஆனால் செத்தவன் மீது ஆத்திரப்பட்டு என்ன பயன்?

சிவமலர் மெல்லக் கதைத்தாள். "நாலு பதின்மூண்டுக்கு மெசேஜ் வந்தது. 'அம்மா, சார்ஜ் முடியுது, அப்பாவோட வாறன்.' அவள் ஞாயிற்றுக்கிழமை ரெயினிலை வாறதா இருந்தது அக்கா. ஞாயிறுதான். அவளுக்கு எடுத்தன், போன் செத்துப்போச்சு. இவருக்கு எடுத்தன். எடுத்துக்கொண்டே இருந்தன்."

"பொலிசுக்கு அடிச்சிருக்கலாம்," என்றாள் கோசலா.

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது முகுந்துக்கு. அதைச் சொல்லத்தான் வேண்டுமா? சொல்லிவிட்டாள்.

"ஓம்," என்றாள் சிவமலர். "எடுப்பார், எடுப்பார் எண்டு இருந்திட்டன்." கைச் சட்டையை இழுத்துத் தழும்புகளை மூடினாள். "மணவறையில ஒரு பூ விழுந்தால், பூ ஒட்டுற சூட்டுப் பசையில ஒரு துளி என்ர கையில. இருபத்திரண்டு வருசம். அவர் சாகவேணும் எண்டுதான் மாத்தினனான். அதை நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் பிள்ளை... பொலிஸ் வந்து மெக்கானிக்கின்ர பிழை எண்டு சொன்ன உடனை நான் என்ன நினைச்சன் தெரியுமோ? நான் மாத்தின வரி ஒண்டும் செய்யேல்லை. பெட்டிதான் பிழை. நான் தொடாட்டியும் அண்டைக்கு அது விழுந்திருக்கும். அப்பிடி எண்டால் பிள்ளையை நான் கொல்லேல்லை. அதை ஆராவது ஒராள் வடிவாப் பார்த்துச் சொல்லவேணும் எண்டுதான் உங்களைக் கூப்பிட்டனான்."

சுவர் முழுக்கத் தர்மிகாவின் படங்கள். பள்ளிக்கூடச் சட்டையில், பரதநாட்டியச் சேலையில், தொழிற்சாலை வாசலில் வெள்ளைக் கோட்டில் என்று எல்லாப் பக்கமும் அவள்தான் நின்றாள்.

"இப்ப சொல்லுங்கோ அக்கா. பெட்டி பிழைதானே? நான் எல்லாத்திலையும் கையெழுத்து வைக்கிறன். எத்தினை வருசம் எண்டாலும் உள்ளுக்கு இருக்கிறன். பெட்டி பிழை எண்டு மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ."

முகுந்த் கோசலாவைப் பார்த்தான். ஒரு பொய்தான். சொன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? சொல்லுங்க மேடம் என்று மனதுக்குள் கெஞ்சினான். சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. அங்கே வழக்குத்தொடுநர் அலுவலகத்தில் ஒரு பெஞ்சில், செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போட ஒரு மனுஷன் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. சிவமலர் கேட்கிற அந்த ஒரு பொய்யை அந்த மனுஷன் தலையில்தான் ஏற்ற வேண்டும்.

கோசலா தன் தொலைபேசியை எடுத்துக் குலேந்திரனின் எண்ணை அழுத்தினாள். ஒலிபெருக்கியைப் போட்டு மேசை நடுவில் வைத்தாள். முகுந்த் அதை அணைக்கக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"தங்கச்சி, என்னைக் கூப்பிடுகினம்," என்றது குலேந்திரனின் குரல். "உள்ளுக்குப் போகப்போறன்."

"கையெழுத்து வைக்கவேண்டாம் அண்ணை. நாங்கள் பெட்டியைப் போட்டுப் பார்த்தனாங்கள். நீங்கள் பூட்டினது சரி. ட்ரக்குக்கும் டிரெய்லருக்கும் வடிவாப் பொருந்தியிருக்கு. பிரேக் மூண்டு மாசமா வேலை செய்து தேய்ஞ்சிருக்கு. அண்டைக்குக் காலமைதான் ஆரோ மாத்தியிருக்கினம். உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

மறுமுனையில் வளர்ந்த ஆம்பிளை ஒருவர், பொது இடம் என்றும் பாராமல், வாய்விட்டு அழும் சத்தம் வந்தது. யாரோ ஒரு பெண் பிரெஞ்சில் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"முருகா... என்ர பிழை இல்லையோ? உண்மையாவோ தங்கச்சி? ஒரு நாளும் கண் மூடேல்லை நான். கண்ணை மூடினால் அந்தப் பிள்ளைதான் வந்து நிண்டது." மூக்கை உறிஞ்சினார். சட்டென்று குரல் மாறியது. "தாய்க்குச் சொல்லிப்போட்டியளோ? உடனை சொல்லுங்கோ. பாவம், அவ அந்தப் பெட்டியை நினைச்சு நினைச்சுச் சாகிறா. நான் சரியாத்தான் பூட்டினனான் எண்டு தெரிஞ்சால் அவவுக்கும் நிம்மதியா இருக்கும்."

"பக்கத்திலதான் இருக்கிறா அண்ணை. கேட்டுக்கொண்டிருக்கிறா."

"மலர் தங்கச்சியோ? கேக்குதோ பிள்ளை?" அழுகையும் சந்தோசமுமாக அந்தக் குரல் அறை முழுக்க நிறைந்தது. "உங்கட மகளை நான் கொல்லேல்லையாம்!"

சிவமலர் மேசையைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"ஓம் அண்ணை," என்றாள். "நீங்கள் இல்லை."